சனிக்கிழமைப் பெரட்டு

பதுளை,
12 பெப்ரவரி 2024

செல்வி நிரஞ்சலா அவர்களுக்கு,

தங்கள் தொலைபேசி இலக்கத்தை என் கைபேசியில் தடைசெய்து ஓராண்டுக்கு மேலாகிறது. அத்தடையை நீக்கும் எண்ணம் எனக்கு இல்லை. குரல் குழையும், அழும், பேச்சை வேறு பக்கம் திருப்பும். எழுத்துக்கு அந்த வசதி இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

என் மகள் விதுஷா, தை மாதம் முதல், பசறையில் சனிக்கிழமைகளில் கூடும் பிள்ளைகள் வட்டத்துக்குப் போய்வருகிறாள். பாடசாலைக்குப் போகாமல் வீட்டிலிருந்தே படிக்கும் பிள்ளைகளுக்கென்று திருமதி ஜிப்னா தம் துணிக்கடையின் மேல்மாடியில் அதை நடத்துகிறார். தம் மகள் ஷம்ராவுக்கும் அவர் வீட்டிலேயே கற்பிக்கிறார். நான் நேரில் போய்ப் பேசி, இடத்தைப் பார்த்து, திருப்தியடைந்த பிறகே சேர்த்தேன். நாடகம், சதுரங்கம், கைவேலை, மலைநடை என்று அவர் சொன்ன எதிலும் எனக்கு ஆட்சேபம் இருக்கவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை நாள் முழுவதும் என் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வளர முடியாது என்பதை நான் அறிவேன். ஆனால் அவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். அங்கே கைவேலை சொல்லிக்கொடுப்பவர் தாங்கள் என்பதை.

சென்ற சனிக்கிழமை விதுஷா களிமண்ணால் செய்த இரண்டு குருவிகளோடு வந்தாள். ஒன்று தனக்காம், மற்றது தம்பிக்காம். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். குருவிகளை மேசையில் வைத்துவிட்டு, "சித்தி" என்றாள்.

அவள் கையில் மண்ணை எடுத்துக் கொடுக்கத் தங்களுக்குக் கை வந்திருக்கிறது.

சில விடயங்களை நினைவூட்டுவது அவசியமாகிறது. தங்கள் அக்கா பூவம்மா இறந்த பிறகு, தாயில்லாத என் இரண்டு பிள்ளைகளையும் விடுமுறை தோறும் மடுல்சீமைப் பக்கம் கொடிக்கல் தேயிலைத் தோட்ட டிவிசனில் தங்கள் லயத்து வீட்டுக்கு அனுப்பிவந்தேன். 2022 மார்கழியில் இருவரை அனுப்பி, ஒருவரைத் திரும்பப் பெற்றேன். மலை சரிந்து கீழ் லயத்தின் மேல் மண் விழுந்த அன்று காலை, தப்பியவர்களைக் கோயில் முற்றத்தில் நிறுத்திக் கங்காணி மாரிசாமி பேர் கூப்பிட்டார். "துவாரகன்" என்று என் மகன் பேர் வந்ததும், "இருக்கான்" என்று பதில் போயிற்று. பதில் சொன்னது தாங்களே என்று என் முகத்துக்கு நேரே சொன்னீர்கள். இருக்கிறவனை யாரும் தோண்டித் தேடுவதில்லை. மறுநாள் அவனைத் தோண்டி எடுத்தபோது பார்த்த வைத்தியர், முந்தின நாள் பின்னேரம் வரை அவனுக்கு மூச்சு இருந்திருக்கும் என்று சொன்னார். ஆறு வயது.

நானும் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகம் வரை போனவன்தான். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில், பின்னால் வந்துகொண்டிருக்கிறவளுடைய பேர் வெட்டுப்படாமல் இருக்க, முன்னால் நிற்கிறவள் அவளுக்காகவும் பதில் சொல்லிவிடும் பழக்கம் எனக்குத் தெரியும். ஒரு நாள் சம்பளத்துக்குச் சொல்லும் பதிலை ஓர் உயிருக்குச் சொல்லக்கூடாது என்பது தங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அவளைப் பாடசாலையிலிருந்து ஏன் நிறுத்தினேன் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். புத்தகப்பை கொடுக்க வந்த விருந்தினர்களுக்கு முன்னால் அவளை மேடையேற்றி, ஒலிவாங்கியைக் கையில் கொடுத்து, தம்பி எப்படிச் செத்தான் என்று சொல்லச் சொன்னார்கள். ஆசிரிய ஆலோசகராகப் பாடசாலைகளுக்குப் புத்தி சொல்லியே காலத்தைக் கழித்தவன் நான். அன்றே அவளை நிறுத்தினேன். அடுத்த மாதம் நானும் ஓய்வு பெற்றேன்.

சனிக்கிழமைகளில் தாங்கள் அந்த மாடியில் இருக்கக்கூடாது. இருப்பீர்களாயின் என் மகள் வரமாட்டாள்.

இ. தர்மலிங்கம்


பசறை,
18 பெப்ரவரி 2024

அன்புள்ள அத்தானுக்கு,

உறையில் 'செல்வி' என்று பார்த்துவிட்டுத் தபால்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நரைத்த தலையோடு கையெழுத்து வைத்து வாங்கினேன். அக்கா இருந்திருந்தால், "என்னாடி, கவர்மெண்டு கச்சேரியில இருந்தா கடுதாசி வந்திருக்கு?" என்று கேட்டுச் சிரித்திருப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விதுஷா வருவாள் என்று தெரிந்து நான் அங்கே போகவில்லை. சாமி சத்தியம். மண் விழுந்த பிறகு எங்களைத் தங்கவைத்த முகாமில் இருந்து பசறைக்கு வந்த பிறகு ஜிப்னாவின் கடையில் தைக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் காலமெல்லாம் பிள்ளை பார்த்தவள் என்று தெரிந்து, "சனிக்கிழமையில கொஞ்சம் மேல வாங்களேன்" என்று அவள்தான் கூப்பிட்டாள். ஒரு சனிக்கிழமை படியேறி வந்த புதுப் பிள்ளை என்னைக் கண்டதும் பாதியிலேயே நின்றது. திரும்பிப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். பிறகு மெல்ல ஏறி வந்து, "சித்தி, அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டது. தெரியாது என்றேன். "அப்ப நான் சொல்ல மாட்டேன்" என்றது.

மண்ணை நான் எடுத்துக் கொடுக்கவில்லை அத்தான். மற்றவர்கள் காகிதப் பூ செய்தார்கள். இவள் களிமண் வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டே இருந்தாள். தொடப் பயம். எனக்கும்தான். கடைசியில் இரண்டு பேரும் ஒன்றாகக் கையை வைத்தோம். அவ்வளவுதான் நடந்தது.

அங்கே அவள் எப்படி இருக்கிறாள் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். தயாபரன் என்று ஒரு பையன், பதின்மூன்று வயது. வாய் திக்கும். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தே விரட்டிவிட்டார்கள். அவனுக்குப் பிடித்தது பெரட்டு விளையாட்டு. ஒரு தடியை வைத்துக்கொண்டு கங்காணி மாதிரி பேர் கூப்பிடுவான். தண்ணீர் வேண்டும் என்று கேட்க அவனுக்கு ஒரு யுகம் ஆகும். பேர் கூப்பிடும்போது மட்டும் ஒரு சொல்லும் திக்காது.

"ஷம்ரா! லேட்டு! இன்னைக்கு அரைப்பேர், அரைச் சம்பளந்தான்!"

"போங்க கங்காணி, மொதல்ல ஒங்க டவுசர ஏத்திப் போடுங்க!"

இப்படி ஒரே சத்தம். விதுஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பை நீங்கள் வீட்டில் பார்க்கிறீர்களா? பார்த்தால் சந்தோஷம்.

நீங்கள் சொன்னபடியே செய்கிறேன். சனிக்கிழமைகளில் கீழே தையல் மெஷினோடு இருந்துகொள்கிறேன். மேலே ஏற மாட்டேன். அவளை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நிரஞ்சலா


பதுளை,
18 மார்ச் 2024

செல்வி நிரஞ்சலா அவர்களுக்கு,

தங்கள் வாக்குறுதியை ஏற்று ஒரு மாதம் பேசாதிருந்தேன். நேற்று முன்தினம் விதுஷாவை அழைத்துவர வந்தபோது, கடை வாசலில் ஷம்ரா என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்:

"அங்கிள், துவாரகன் ஏன் ஒரு நாளும் மேல வாரதில்ல? பேர் மட்டும் குடுக்கிறாரு. கீழயே நிக்கிறாரா?"

எட்டு வயதுப் பிள்ளை. அதன் கேள்வியில் கபடம் ஏதும் இல்லை. பஸ் புறப்படும் வரை விதுஷா ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தாள். வீடு வந்த பிறகு விசாரித்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்த விளையாட்டில் என் மகனுடைய பெயர் கூப்பிடப்படுகிறது. ஒவ்வொரு முறையும் அதற்குப் பதில் சொல்வது என் மகள்.

தங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். தயாபரனின் திக்குவாய் இருக்கிறது, காற்சட்டை இருக்கிறது, சிரிப்பு இருக்கிறது. இது மட்டும் இல்லை. தாங்கள் மறந்து விட்டிருக்க முடியாது. மறைத்திருக்கிறீர்கள்.

ஓராண்டாக அவள் மத்தியானங்களில் பின்கட்டில் யாரோடோ மெல்லப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பாடத்தை மனனம் செய்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சோறு பரிமாறும்போது ஒரு தட்டு அதிகமாக எடுப்பாள். பிறகு சத்தமில்லாமல் அதைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். அதையும் நான் பார்க்காதவனாக இருந்தேன். காலம் ஆற்றும் என்று நம்பினேன். ஆறுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், வாரந்தோறும் விளையாட்டு என்ற பெயரில் கிளறிக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

ஒரு முறை அவனுக்காகப் பதில் சொன்னீர்கள். இப்போது அந்த வேலைக்கு என் மகளைப் பழக்கியிருக்கிறீர்கள்.

இனி அவள் வரமாட்டாள். திருமதி ஜிப்னாவுக்கு முறைப்படி நானே நேரில் அறிவிப்பேன்.

இ. தர்மலிங்கம்


பசறை,
22 மார்ச் 2024

அத்தான்,

மறைத்தது உண்மை. எழுதினால் நிறுத்திவிடுவீர்கள் என்று பயந்து மறைத்தேன். ஆனால் நான் பழக்கவில்லை.

இரண்டாவது சனிக்கிழமையே, தயாபரன் பேர் கூப்பிட்டு முடித்ததும் விதுஷா, "இன்னும் ஒரு ஆள் இருக்கு" என்று சொன்னாள். அவன் விளையாட்டு என்று நினைத்து, "பேர் என்னா?" என்று கேட்டான். இவள் சொன்னாள். அவன் கூப்பிட்டான். இவளே பதிலும் சொன்னாள். நான் கையில் கத்தரிக்கோலோடு நின்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேர் நிற்கவே இல்லை. பிள்ளைகள் வட்டமாக உட்காரும்போது இவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விடுகிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே விடுகிறார்கள். ஒரு நாள் புதிதாக வந்த குட்டி ஒன்று அதில் உட்காரப் போனது. ஷம்ரா அதைக் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். ஜிப்னா பயந்துபோய் மேலே போய் ஓதி ஊதிவிட்டு வந்தாள். "என்ன செய்யிறது நிரஞ்சலா, மூலையில ஒரு புள்ள நிக்கிற மாதிரியே ஈக்கிது" என்றாள். நான் கீழே வந்து மெஷினை ஓட்டினேன். ஊசி கையில் ஏறியதுகூடத் தெரியவில்லை.

நீங்கள் எழுதுவதற்கு முன்னாலேயே ஒரு கிழமை அந்த விளையாட்டை நிறுத்திப் பார்த்தோம். பேர் கூப்பிடவில்லை. விதுஷா அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. வீட்டுக்குப் போகிற நேரம் படியில் நின்று, "இன்னைக்கு அவன் பேர வெட்டிட்டீங்களா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை.

அத்தான், பாடசாலை இல்லை, அம்மா இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் பேச்சு இல்லை. அவள் வாயைத் திறக்கிற ஒரே இடம் அந்த மாடிதான். அதையும் பூட்டிவிட்டால் எங்கே போய்ச் சொல்லுவாள்?

நிறுத்துகிறேன் என்று சொல்லத்தானே ஜிப்னாவிடம் வருவீர்கள்? சனிக்கிழமையே வாருங்கள். அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். முன்னால் அவளை அனுப்பிவிட்டு, கொஞ்சம் கழித்து நீங்கள் படியில் நின்று கேளுங்கள். அவளை விசாரிக்க வேண்டாம். நீங்கள் விசாரித்தால் பாடசாலைக்குப் பார்வையிட வந்த மாதிரி இருக்கும். சும்மா நின்று கேட்டால் போதும்.

நிரஞ்சலா


பதுளை,
31 மார்ச் 2024

நிரஞ்சலா,

நேற்று வந்தேன். நீ மெஷினிலிருந்து தலை நிமிர்த்தவில்லை. நானும் உன்னைப் பார்க்க வரவில்லை. திருமதி ஜிப்னாவிடம் கொடுக்க வேண்டியதை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். படிக்கட்டின் திருப்பத்தில், சுவரோரமாக நின்றேன்.

அந்தப் பையனின் குரல் நீ எழுதியபடியே தெளிவாக இருந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. சிரிப்பு, தள்ளுமுள்ளு. பிறகு அவன் "துவாரகன்" என்றான். சத்தம் அடங்கிற்று. பிள்ளைகள் பயந்து அடங்கியதுபோல் இல்லை. வருகிற ஒருவருக்கு வழிவிட்டு நின்றதுபோல் இருந்தது.

"இருக்கான்."

என் மகளின் குரல். சோகம் இல்லை, நடுக்கமும் இல்லை. என் அம்மா பெரட்டுக்களத்தில் அடுத்த காம்பராக்காரிக்காகச் சொல்லும் அதே அவசரம், அதே உறுதி.

ஷம்ரா விடவில்லை. "எங்க? ஒரு நாளும் காணல்லயே. நீ பொய் சொல்ற."

"பொய் இல்லடி. பின்னால வந்துக்கிட்டு இருக்கான். அன்னைக்கும் இப்பிடித்தான். நான் திரும்பிப் பாத்தேன், படியில வந்தான். அதான் மாரிசாமி மாமா கேட்டப்ப, நான் இருக்கான்னு சொன்னேன்."

"பொறவு?"

"பொறவு வரல."

தயாபரன் ஏதோ சொல்ல முயன்றான். "ச... ச..." என்று நெடுநேரம் திக்கினான். பிறகு, "சரி, பேர் போட்டாச்சு" என்றான்.

நான் இறங்கி வந்தேன். சட்டைப்பையிலிருந்ததைக் கொடுக்கவில்லை. பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வழி முழுவதும் நான் அசையவில்லை.

அன்று கோயில் முற்றத்தில் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதற்கு நீ சொன்ன பதிலை அடிப்படையாக வைத்தே அதற்குப் பிந்திய ஒவ்வொரு நாளையும் நடத்தியிருக்கிறேன். அதே கேள்வியை மறுபடி கேட்கிறேன். பதில் சொன்னது யார்?

தர்மலிங்கம்


பசறை,
3 ஏப்ரல் 2024

அத்தானுக்கு,

உங்களுக்கே தெரியும். என் கையால் எழுதி வாங்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். எழுதுகிறேன்.

பிள்ளைதான் சொன்னது.

அன்று காலை லயத்துச் சனம் முழுக்கக் கோயிலுக்கு ஓடினோம். நான் பிள்ளைக்காம்பராவில் இருந்த கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். விதுஷாவை, தம்பி கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறு என்று சொன்னேன். பிடித்துக்கொண்டுதான் ஏறியிருக்கிறாள். பாதிப் படியில் அவன் கையை உதறிவிட்டு, நாய்க்குட்டி, நாய்க்குட்டி என்று திரும்பியிருக்கிறான். "வந்துருவியா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். "வந்துருவேன், நீ போ" என்றிருக்கிறான். கோயிலடிக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது அவன் படியில் வருவது தெரிந்ததாம். அவன்தானா, வேறு பிள்ளையா, மழையில் யாருக்குத் தெரியும்? மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்த பிறகு, மண் விழுந்தால் முதலில் பேர் கூப்பிட வேண்டும் என்று எங்கள் டிவிசனில் சொல்லி வைத்திருந்தார்கள். மாரிசாமி அண்ணன் கூப்பிட்டார். விதுஷா விடுமுறைக்கு வரும்போதெல்லாம் என்னோடு பெரட்டுக்கு வந்து நின்ற பிள்ளை. பின்னால் வருகிற ஆளுக்கு முன்னால் நிற்கிற ஆள் பேர் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள் என்று என்னிடமிருந்துதான் பழகியது. நான் கூட வேலை செய்கிற ஜெஸ்மினுக்காகச் சொல்வேன், ராசம்மா அக்கா எனக்காகச் சொல்வாள். இவள் தம்பிக்காகச் சொன்னாள்.

அந்த "இருக்கான்" என் காதிலும் விழுந்தது. விழுந்ததும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் நீங்கள் பதுளையிலிருந்து வந்து இறங்கினீர்கள். "யார் சொன்னது?" என்று கேட்டீர்கள். வந்ததும் முதல் வார்த்தை அதுதான். விதுஷா என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். பிடி இறுகி இறுகி வந்தது. நான் என்று சொன்னேன். பிடி விட்டது. அவ்வளவுதான் அத்தான். யோசித்துச் செய்யவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்தபோது, அந்தப் பார்வையைப் பத்து வயதுப் பிள்ளை தாங்காது, நான் தாங்குவேன் என்று தோன்றியது. நீங்கள் போன பிறகு, "அப்பாகிட்ட ஒரு நாளும் சொல்லாதடி" என்று சொன்னதும் நான்தான்.

இந்த ஒன்றேகால் வருஷம் எனக்கு ஒன்றும் லேசாக இருக்கவில்லை. அவனை நானும்தான் குளிப்பாட்டிச் சோறு ஊட்டினேன். பசறை பஸ் நிலையத்தில் உங்களைத் தூரத்தில் கண்டால் கடைக்குள் ஒளிந்துகொள்வேன். எனக்கும் கோபம் இருக்கிறது. அதை எழுதப் போவதில்லை.

பிள்ளையை என்ன செய்யப் போகிறீர்கள்? அதை மட்டும் எழுதுங்கள்.

நிரஞ்சலா


பதுளை,
10 ஏப்ரல் 2024

நிரஞ்சலா,

உன் கடிதம் வந்து ஒரு நாள் முழுவதும் அதை மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். உனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. அந்தச் சொல் வரவில்லை. முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் வெறுப்பை நீ வாங்கிக்கொண்டாய். அது உன் விருப்பம். ஆனால் ஒரு குழந்தையின் வாயில் பூட்டைப் போட்டுச் சாவியை நீ வைத்துக்கொண்டாய். பேச முடியாததை அவள் பின்கட்டில் பேசினாள், தட்டில் பரிமாறினாள், கடைசியில் ஊரார் பிள்ளைகளுக்கு மத்தியில் விளையாட்டாக ஆக்கிக்கொண்டாள். நீ காப்பாற்றியதாக நினைத்தாய். அவளைத் தனியே விட்டாய். இதை நான் உனக்கு எளிதில் மன்னிப்பதாக இல்லை.

நேற்றுப் பின்னேரம் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தோம். அவள் முறை. அப்போது சொன்னேன்.

"அம்மா, அன்னைக்கு மாரிசாமி மாமாவுக்கு யார் பதில் சொன்னதுன்னு அப்பாவுக்குத் தெரியும்."

கையில் எடுத்த காயை அவள் கீழே வைக்கவில்லை.

"சித்தி சொல்லிட்டாங்களா?"

"இல்ல. நான் படியில நின்னு ஒன் வாயாலேயே கேட்டேன்."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"அப்ப, இனி சித்திகிட்ட பேசுவீங்களா?"

"பேசுவேன்."

"என்கிட்ட?"

எனக்கு முதலில் புரியவில்லை. காலையில் கணிதம், பிறகு தமிழ், மத்தியானம் சோறு, பின்னேரம் ஆட்டம். ஒரு நாள்கூட நான் அவளிடம் பேசாமல் இருந்ததில்லை. பிறகுதான் புரிந்தது. பதில் சொன்னவளோடு அப்பா பேசமாட்டார் என்பதை இந்த வீட்டில் ஒவ்வொரு நாளும் அவள் பார்த்திருக்கிறாள். உன் இலக்கத்தை நான் தடைசெய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தாள். உன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டவளும் அவள்தான். உனக்கு நான் விதித்த தண்டனை யாருடையது என்று அவளுக்கு மட்டும் தெரியும். என்றாவது உண்மை வெளிப்படும், அன்றைக்கு அப்பா நிறுத்திவிடுவார் என்று, நான் பேசும் ஒவ்வொரு சொல்லையும் கடைசிச் சொல்லாக எண்ணிக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பின்னால வர்றவனுக்காகத்தானேம்மா சொன்ன. நான் நின்னிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன்" என்றேன். அது உண்மையா என்று எனக்கே தெரியாது. சொல்லிய பிறகு உண்மையாகிவிட்டது.

காயை வைத்தாள். தவறான கட்டத்தில் வைத்தாள். நான் திருத்தவில்லை.

அவளை நிறுத்தப் போவதில்லை. வருகிற சனிக்கிழமை புதுவருட விடுமுறைக்குக் கடை பூட்டியிருக்கும் என்று ஜிப்னா சொன்னார்; அதற்கு அடுத்த சனிக்கிழமை வருவோம். பெயர் கூப்பிடும்போது என்ன சொல்வாள் என்று நான் கேட்கவில்லை. நீயும் கேட்காதே. அவளாக ஒரு நாள் வேறு பதில் சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். நீ மேலே ஏறிப் பிள்ளைகளோடு இரு. உன்மேல் எனக்கிருக்கும் மிச்சக் கோபத்தைக் கடிதத்தில் தீர்க்க முடியாது. அதை நேரில் சொல்லத்தான் வேண்டும். உன்னுடையதையும் கொண்டு வா.

இன்று காலை சந்தைக்குப் போனோம். பாலத்தைக் கடந்ததும் அவள் வழக்கம்போல் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் நிற்பாள், ஒவ்வொரு முறையும் "நட" என்று நான் அதட்டுவேன். இன்று நானும் நின்றேன். நானும் திரும்பிப் பார்த்தேன். வீதி காலியாக இருந்தது. ஒரு நாய் மட்டும் குறுக்கே போயிற்று. என் மகன் வருவானென்று, இந்த வயதில், பட்டப்பகலில், மனதாரப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"போகலாம்பா" என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

அத்தான்